நீமோவுக்கு அனிமோன்: உயிருள்ளதா, சிலிக்கானா? நம்ம பக்கம் நடக்கிற தப்புங்க

ராம்நாடு, மண்டபம், பாம்பன் பக்கம் வீட்டுல கடல்மீன் டேங்க் வைக்கிறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், நீமோ (கிளவுன் மீன்) ஜோடி வாங்கியாச்சு, அதுக்கு உயிருள்ள அனிமோன் (பூ மாதிரி விரியிற, கொட்டுற கடல் பிராணி) வாங்கணுமா இல்ல கடையில தொங்குற சிலிக்கான் அனிமோன் போதுமான்னு. மீனைப் பாத்து இத முடிவு பண்றாங்க பாருங்க, அதான் சிக்கல். டேங்கைப் பாத்துதான் முடிவு பண்ணணும்.

அனிமோன் இல்லேன்னா நீமோ செத்துரும்னு ஒரு நெனப்பு இருக்கு, சாகாது. கடல்ல பெரிய மீன் முழுங்கிரும்னுதான் அது கொட்டுற அனிமோனுக்குள்ள போய் ஒளியுது, உங்க டேங்க்ல அத யாரு தொரத்தப் போறா? மண்டபம் கேம்ப்ல இருக்கிற சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) நிலையத்துலயே இந்த மீன குஞ்சு பொரிக்க வச்சு வளர்த்திருக்காங்க. ஹேச்சரியில, அதாவது குஞ்சு பொரிப்பகத்துல பொறந்த குஞ்சு அனிமோனையே பாக்காம பெருசாகும், அப்புறம் ஜோடி சேந்து ஓட்டுத் துண்டுலயோ மண்பானை ஓரத்துலயோ முட்டையும் போடும்.

அடுத்தது நம்ம ஊருக்குன்னே உள்ள தப்பு. கடல்தான் வாசல்ல இருக்கே, ஒண்ணு பேத்துட்டு வந்துட்டா காசு மிச்சம்னு கெளம்பிடுறாங்க. மண்டபத்துலேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் இருக்கிற 21 தீவும் 1986லேர்ந்து கடல்சார் தேசிய பூங்கா, அங்கேர்ந்து எதை எடுத்தாலும் கேஸுதான், கூடவே பவளப்பாறைத் துண்டும் வந்துச்சுன்னா அது 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது. சட்டத்த விடுங்க, பாறையிலேர்ந்து உரிச்சு எடுக்கிறப்போ அனிமோனோட அடிப்பாதம் கிழிஞ்சிரும், அந்தக் காயத்துலேர்ந்தே அழுக ஆரம்பிக்கும். அதுலயும் நம்ம கடல்ல செபா கிளவுன்னு நீமோவோட சொந்தக்கார மீன் குடியிருக்கிற கார்ப்பெட் அனிமோன் ரெண்டடி தாண்டியும் விரியும், டேங்க்ல மத்த சின்ன மீன் பக்கத்துல போனா புடிச்சுத் தின்னுரும்.

சரி, காசு குடுத்தே வாங்குறீங்க. பெரும்பாலான அனிமோன் நம்ம ஊர்ல சாகுறது சூட்டாலயும் உப்பாலயும்தான். 25லேர்ந்து 27 டிகிரிக்குள்ள வச்சா அதுக்கு நிம்மதி, சித்திரை வெயில்ல நம்ம வீட்டு டேங்க் சர்வசாதாரணமா 31ஐத் தாண்டும், கரண்ட் போனா சொல்லவே வேணாம். தண்ணியக் குளுமையாக்குற சில்லர் மெஷின் வாங்க வழியில்லேன்னா உயிருள்ள அனிமோன் பேச்சையே எடுக்காதீங்க. சூட்டுல தண்ணி ஆவியாகுது, கொறஞ்ச அளவுக்கு என்ன ஊத்துறீங்க? கொஞ்சம் கடல்தண்ணியே ஊத்துறாங்க நெறைய பேரு. ஆவியானது தண்ணி மட்டும்தானே, உப்பு டேங்க்லயேதான் கெடக்கு, மேல மேல கடல்தண்ணி ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். நம்ம போர்த்தண்ணியோ அதுவே உப்பு, அதனால ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும். ஐப்பசி கார்த்திகை மழையில கரையோரத் தண்ணியில உப்பு கொறஞ்சிரும், வாடைக்காத்துல வடகடல் கலங்கிக் கெடக்கும், அந்த நேரத்துல குடத்துல மொண்டு வந்து அப்படியே மாத்தாதீங்க. உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, தண்ணியோட ஒப்படர்த்தி அதுல 1.025 பக்கத்துலயே நிக்கணும், நாக்குல வச்சுப் பாத்து சொல்ற கதையெல்லாம் வேணாம். போன வாரம் செட் பண்ணின டேங்க்லயும் வைக்கக் கூடாது, ஆறு மாசமாவது ஓடி அடங்கின டேங்கா இருக்கணும்.

கடையில பாக்குறப்போ பளிச்சுன்னு வெள்ளையா இருக்கிறத ஆசையா எடுத்துராதீங்க. அனிமோன் உடம்புக்குள்ள பாசி குடியிருக்கு, வெளிச்சத்துல அது சமைச்சுக் குடுக்கிறதுதான் அதுக்கு முக்கிய சாப்பாடு, அந்தப் பாசி போனதாலதான் அது வெள்ளை. மஞ்சக்கலர்ல மினுமினுன்னு இருந்தா சாயம் முக்கினதாவும் இருக்கலாம். நடுவுல வாய் இறுக்கமா மூடியிருக்கா, அடிப்பாதம் கிழியாம கண்ணாடியில ஒட்டியிருக்கா, இத ரெண்டையும் பாத்துட்டு வாங்குங்க. வீட்டுல டியூப்லைட் மட்டும் போட்டா பட்டினிதான், பவளப்பாறை டேங்க்குக்குன்னு விக்கிற பவரான ரீஃப் லைட் வேணும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்துச்சுன்னு காப்பர் மருந்த அந்த டேங்க்லயே ஊத்துனா மீன் பொழைக்கும், அனிமோன் போயிரும்.

இதெல்லாம் ஒத்துவராதுன்னா சிலிக்கான் வாங்குங்க, அதுல ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல. ஆனா அதுலயும் ஏமாறுறாங்க. வாங்குனதும் ஒரு வாளி உப்புத்தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வச்சு, வெள்ளத்துணியால அழுத்தித் தொடச்சுப் பாருங்க, துணியில கலர் ஒட்டுனா டேங்க்குக்கு ஆகாது. நிக்கிறதுக்காக அடியில இரும்பு வெயிட் வச்சுருப்பாங்க, காந்தம் ஒட்டுதான்னு பாருங்க, ஒட்டுனா உப்புத்தண்ணியில துருப்புடிக்கும். பாசி புடிச்சா சோப்பு போடாம டேங்க் தண்ணியிலயே பிரஷ்ஷால தேய்ங்க.

வச்ச அன்னிக்கே மீன் உள்ள போகலேன்னு அத வலையில புடிச்சு அனிமோனுக்குள்ள அமுக்காதீங்க. உயிருள்ளத வச்சாலும் மாசக்கணக்கா திரும்பிப் பாக்காத நீமோ உண்டு. பம்பு பின்னாடிதான் படுப்பேன்னு அடம்புடிச்சா படுக்கட்டும், பம்பு வாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச மாட்டி விட்டுருங்க, உயிருள்ள அனிமோன் வச்சிருந்தா அது கண்டிப்பா வேணும், ராத்திரியில நகந்து போய் பம்புல மாட்டுனா சல்லடையாத்தான் வெளிய வரும்.