வெப்பப்படங்களைத் தைத்து அகலப்படம் ஆக்கும் முறை

கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீடொன்றின் முகப்பையோ, உடுமலைப்பேட்டைத் தோட்டங்களிலிருந்து தெற்கே தெரியும் ஆனைமலைத் தொடரையோ, சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் ஒரே படத்துக்குள் அடக்க முயன்றால் ஓட்டுவரிசையும் மலைமுகடும் கரைந்துபோகும். எளிய கேமராக்கள் 160க்கு 120 அல்லது 320க்கு 240 புள்ளிகளே தருவதால், துண்டு துண்டாக எடுத்துத் தைப்பதே வழி.

நான் முதலில் தைத்த படத்தில் ஒரே சுவர் ஓரிடத்தில் மஞ்சளாகவும் பக்கத்துத் துண்டில் ஊதாவாகவும் நின்றது. கேமரா ஒவ்வொரு முறையும் அந்தந்தச் சட்டத்திலுள்ள குளிர்ந்த இடத்தையும் சூடான இடத்தையும் எல்லைகளாக வைத்து நிறத்தைப் புதிதாகப் பங்கிடுவதே காரணம். தெளிந்த வானம் சிறிது நுழைந்தாலும், அது தரையைவிட வெகு குளிராகத் தெரிவதால், சுவரின் நிறம் முழுவதும் மாறிவிடும். எனவே தானியங்கி அளவை நிறுத்தி, 15 முதல் 45 டிகிரி வரை என்பது போல ஒரே வரம்பை எல்லாத் துண்டுகளுக்கும் பூட்டிவிட வேண்டும்.

பகல் வெயிலின் சூட்டைத் தடித்த சுவர் இருட்டிய பின்னும் வைத்திருக்க, மெல்லிய ஓடு விரைவில் ஆறிவிடுவதால், சூரியன் மறைந்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று அம்மியை நகர்த்துகிறதோ இல்லையோ, சுவரின் வெப்ப வேறுபாட்டைத் துடைத்துவிடும். அந்த மாதங்களைத் தவிர்ப்பேன்.

கேமராவை முக்காலியில் பொருத்திப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குவியத்தை ஒருமுறை கையால் வைத்தபின் தொடக்கூடாது. 25 டிகிரி அகலம் காணும் லென்ஸுக்கு, ஒரு துண்டின் மேல் அடுத்தது 40 சதவீதம் விழுமாறு 15 டிகிரிக்கு ஒன்றாகத் திருப்பினால், 180 டிகிரிக்கு 12 படங்கள் போதும். உள்ளே ‘டிக்’ என்ற ஒலியுடன் கேமரா தன்னைத் திருத்திக்கொள்ளும் நொடியில் படம் எடுக்கக்கூடாது. சுவர் ஆறிக்கொண்டே இருப்பதால் வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கவும் வேண்டும்.

தகரக் கூரையும் சன்னல் கண்ணாடியும் தம் சூட்டை விட வானத்தையும் சுற்றுப்புறத்தையும் பிரதிபலிப்பதால், பார்க்கும் கோணம் மாறினால் அளவும் மாறும். இரு துண்டுகளிலும் தெரியும் ஒரே இடத்தைக் குறித்து இணைக்கும் பொதுப்புள்ளியை அங்கே வைப்பது வீண். சுண்ணாம்பு பூசிய வெறுஞ்சுவரில் மென்பொருள் பிடித்துக்கொள்ள எதுவும் இராது. துண்டுகள் மேற்படியும் இடங்களில் அலுமினியத் தாள் துணுக்குகளை முன்பே ஒட்டிவைத்தால் அவை தனித்துத் தெரியும். தென்னையோலை அசையும், மின்கம்பம் அசையாது; பொதுப்புள்ளிக்கு மின்கம்பமே ஏற்றது.

தைப்பதற்கு இலவச மென்பொருளான ஹுகின் போதும். முதலில் லோகோ, வெப்ப எண் முதலிய மேலெழுத்துகள் இல்லாமல், வெப்ப அளவைக் கெல்வினில் நூறால் பெருக்கி 16 பிட் சாம்பல்நிற டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300.15 கெல்வின், 30015 என்று பதிவாகும். இக்கோப்பு கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும் என்பதால், அதே அளவும் அதே பெயரும் கொண்ட, மாறுபாடு கூட்டிய 8 பிட் நகல்களை வேறு கோப்புறையில் வைத்து, அவற்றைக் கொண்டு பொதுப்புள்ளிகளைச் சேர்த்துப் படங்களைச் சீரமைப்பேன். ஹுகினின் திட்டக்கோப்பு வெறும் எழுத்துக்கோப்பே என்பதால், சீரமைத்த பின் அதை அசல் கோப்புறைக்கு மாற்றினால் அதே அமைப்பு அசல் அளவுகளுக்கும் பொருந்தும். அப்போது, துண்டுகளின் வெளிச்சத்தைச் சமப்படுத்தும் ஒளியளவுத் திருத்தம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். விட்டுவிட்டால் வெப்ப எண்களையே அது திருத்திவிடும். தைத்த படத்தைத் தட்டையாக விரிக்கும் வடிவங்களில், சுவருக்கு நேர்கோட்டு வடிவமும் மலைக்கு உருளை வடிவமும் ஏற்றவை.

பார்வைக்கான படத்தில் தையலை மென்மையாகக் கலக்கலாம். ஆனால் கலப்பு இரண்டு துண்டுகளின் எண்களைச் சேர்த்துக் குழப்புவதால், அளவெடுக்கும் படத்தில் தையல் தெரிந்தாலும் பரவாயில்லை என்று விடுவதே நேர்மை. நிறத்தைக் கடைசியில், முழுப்படத்துக்கும் ஒரே முறை ஏற்றி, ஓரத்தில் வெப்ப அளவுப்பட்டையைச் சேர்க்கவும்.