ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதா? வெப்பமானியை நம்பும் முன் இதைச் செய்யுங்கள்

என் காரின் இடது முன்சக்கரத்தில் கருகல் வாடை. தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) நோக்கிப் பிடித்தேன். 80 டிகிரி செல்சியஸ் காட்டியது. பிரேக்குக்கு இதெல்லாம் ஒரு சூடா என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதமே, டிஸ்க்கை அழுத்தி உரசும் உட்பக்கப் பேட் முழுவதும் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டத் தொடங்கியது.

பிரேக் பிடித்தால் சூடாவது இயல்புதான். 1,200 கிலோ கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் ஏறக்குறைய 460 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. அதில் 70 விழுக்காடு முன்பக்கம் போனால், 6 கிலோ எடையுள்ள டிஸ்க் ஒவ்வொன்றும் சுமார் 60 டிகிரி சூடேறும். பிரேக்கைத் தொடாமலே சூடேறினால்தான் கோளாறு.

1. சமதளச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கடைசியில் கியரைக் குறைத்து, தானாக உருண்டு நிற்க விடுங்கள். ஹேண்ட்பிரேக் வேண்டாம், எஞ்சினை அணைத்து கியரில் நிறுத்துங்கள்.

2. நான் சறுக்கிய இடம் இது. பளபளப்பான உலோகம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடுகிறது. சுற்றுப்புறக் கதிரைத்தான் பிரதிபலிக்கிறது. மலிவான வெப்பமானிகளோ 0.95 உமிழ்திறன் (கதிரை வெளியிடும் திறன்; உச்சம் 1) உள்ள பரப்பையே பார்ப்பதாக எண்ணிக் கணக்கிடுகின்றன. அதனால் கொதிக்கும் டிஸ்க்கும் வெதுவெதுப்பாகத் தெரியும். தீர்வு எளிது: முந்தைய நாளே, பேட் உரசாத நடுப்பகுதியில் வெப்பம் தாங்கும் மங்கலான கறுப்பு பெயின்டால் ஒரு பொட்டு வையுங்கள். உரசும் பரப்பில் ஒரு துளியும் படக்கூடாது. அளக்கும்போது கருவியை நெருக்கமாகப் பிடியுங்கள். 12:1 (தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் விட்டத்துக்கும் உள்ள விகிதம்) என்று குறித்த கருவி 60 செ.மீ. தள்ளி நின்றால் 5 செ.மீ. வட்டத்தின் சராசரியைச் சொல்லும். லேசர் புள்ளி வெறும் குறிகாட்டி.

3. இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் வெகுவாக ஏறியிருந்தால், வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் (பேட்டுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வி) காற்று நீக்கும் நிப்பிளைச் சற்றே திறந்து உடனே மூடுங்கள். சக்கரம் விடுபட்டால் பிரேக் ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைத்து அழுத்தம் தேங்கியிருக்கலாம். விடுபடாவிட்டால் பேட்டைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் வழுக்குப் பின்னோ (pin) சிக்கியிருக்கிறது. வழுக்குப் பின்னுக்கு பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

4. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது. விளிம்புவரை ஓடும் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள். கண்ணாடிபோல் வழவழத்த பேட்டை உப்புத்தாளால் தேய்த்து ஓட்டுபவர்கள் உண்டு; நான் மாட்டேன். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 ஆகிவிடும்.

பின்சேர்க்கை: கிளட்சையும் இப்படி அளக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். அது உறைக்குள் இருப்பதால் முடியாது. குறைந்த வேகத்தில் உயர் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் அலறினால் கிளட்ச் வழுக்குகிறது. இதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் பிளேட் கருகும். மேட்டில் பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துபவர்களுக்கும் இதுவே நேர்கிறது: வண்டி நகராததால் கிளட்சுக்கு வரும் எஞ்சின் சக்தி முழுவதும் பிளேட்டிலேயே வெப்பமாகிறது.