இருவகைச் செல்கள் தாமே வகைவாரியாகப் பிரிந்து அடுக்குகளாவதைக் கணினியில் காணும் முறை

காலாப்பட்டிலும் கடலூரிலும் உயிரியல் படித்துவிட்டுக் கணினி மாதிரியாக்கத்துக்கு வருவோர் பெரும்பாலும் ஒட்டுதல் எண்களில்தான் தடுமாறுகிறார்கள் என்பதால், இங்கே மற்றப் படிகளைச் சுருக்கி, அந்த ஒரு படியை விரித்து எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளும் மாதிரி, கிரானரும் கிளேசியரும் 1992இல் வெளியிட்டது; அதில் ஒவ்வொரு செல்லும் பிக்சல்களின் திரள், அவற்றின் எல்லைகள் பெரும்பாலும் ஆற்றல் குறையும் பக்கமாக நகரும். மென்பொருள் காம்பியூசெல்3டி. நிரலே எழுத விரும்பாதவர்களுக்கு மார்ஃபியஸ் என்னும் வேறொரு மென்பொருள் போதும். பைத்தான் சிறிதளவாவது தெரிந்தவர்களுக்கு என் பரிந்துரை முன்னதுதான்.

படி 1: காம்பியூசெல்3டியுடன் வரும் ட்வெடிட் என்னும் நிரல் எழுதும் கருவியில் புதிய புராஜெக்ட் திறந்து, 100×100×1 கட்டமும் வெப்பநிலை (செல் எல்லைகள் எவ்வளவு தாறுமாறாக அசையும் என்பதன் அளவு) 10உம் கொடுத்து, ‘கருமை’, ‘வெண்மை’ என இரு செல்வகைகளைச் சேர்த்து, வட்டத் திரளாகத் தொடங்கும்படி அமைக்கவும்.

படி 2: இலக்குப் பருமன் 25, லாம்டா (செல் அந்தப் பருமனை விட்டு விலகாமல் பிடிக்கும் கடுமை) 2. இருபரிமாணத்தில் பருமன் என்பது பிக்சல்களின் எண்ணிக்கையே.

படி 3: ஒட்டுதல் எண்கள். கருமை–கருமை 2, வெண்மை–வெண்மை 14, கருமை–வெண்மை 11, இரண்டுக்கும் வெளி ஊடகத்துக்கும் இடையே 16. இந்த எண் ஒட்டும் வலிமையைக் குறிப்பதன்று. தொடும் எல்லைக்குச் செலவாகும் ஆற்றலையே குறிக்கிறது, ஆகவே எண் குறைந்தால் பிடிப்பு கூடும். இரு வகைகளும் பிரியுமா என்பதை ஓடவிடும் முன்பே தாளில் கணக்கிடலாம்: 11இலிருந்து 2, 14 ஆகியவற்றின் சராசரியான 8ஐக் கழித்தால் 3, விடை நேர்மமாக இருப்பதால் செல்கள் பிரியும். 11ஐ 5 ஆக்கினால் விடை −3 ஆகி, அவை கலந்தே நிற்கும். எது உள்ளே போகும் என்பதற்கும் இதே வழிதான்: 16இலிருந்து அந்தந்த வகையின் சொந்த எண்ணில் பாதியைக் கழித்தால், ஊடகத்துடன் கருமையின் பரப்பு இழுவிசை 16−1=15, வெண்மையினது 16−7=9; இழுவிசை மிகுந்த கருமை நடுவில் திரள, வெண்மை அதைச் சூழ்ந்துகொள்ளும்.

படி 4: அண்டை வரிசையை (ஒரு பிக்சலுக்கு எவ்வளவு தொலைவு வரை உள்ளவற்றை அண்டையாகக் கொள்வது என்பதை) 1 என விடாதீர்கள். நான்கு பிக்சல்களை மட்டும் பார்த்தால் எல்லைகள் கட்டத்தின் திசைகளிலேயே மூலைபிடித்து நிற்கும். 4 என வைத்தால் வளைவு சீராகும்.

படி 5: ஓடவிடவும். கடலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல இயலாதாகையால், இடையிடையே நிலையைச் சேமிக்கும்படி அமைப்பது நல்லது.

சேர்க்கை: செல்பிரிவை (ஒரு செல் வளர்ந்து இரண்டாவதை) சேர்த்ததும் செல்கள் சுருங்கி மறைவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். வளரும் செல்களுக்கு எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் உள்ள பருமன் மதிப்புகளை நீக்கிவிட்டு, பைத்தானின் தொடக்கப் பகுதியில் ஒவ்வொரு செல்லுக்கும் இலக்குப் பருமனையும் லாம்டாவையும் தர வேண்டும். இவ்விரண்டில் நீக்குவதை மட்டும் செய்துவிட்டு, தருவதை விட்டுவிட்டால்தான் செல்கள் அப்படி மறைகின்றன.