ரிவர்ஸ் போட்டாலே கத்திய சென்சார்

புதுக் கார் வந்த வாரமே தொல்லை. ரிவர்ஸ் போட்டால், பின்னால் வெட்டவெளியாக இருந்தாலும் பீப் சத்தம் நிற்காது. 2019 ஜூலையிலிருந்து இந்தியாவில் புதுக் கார்களில், பின்னால் ஏதாவது இருந்தால் பீப் அடித்து எச்சரிக்கும் இந்த பார்க்கிங் சென்சார் கட்டாயம் என்பதால் கழற்றிப் போடவும் வழியில்லை. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் கோளாறு எதையும் காட்டவில்லை, வயரிங்கும் சரி. நம்பர் பிளேட் ஃபிரேமைக் கழற்றிப் பார்த்தேன், பலனில்லை.

அப்புறம் ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸில் வைத்துவிட்டு, பின் பம்பரில் உள்ள ஒவ்வொரு சென்சாரிலும் விரல் வைத்தேன். மற்றவை மெல்லத் துடித்தன. இடது ஓரத்தில் இருந்தது மட்டும் கம்மென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் கோயில் பூஜையில் இட்ட சந்தனம்! மேலே இட்ட பொட்டு அழிந்துபோயிருந்தது. சென்சாரைச் சுற்றிய மயிரிழை இடுக்கில்தான் காய்ந்து இறுகிக் கிடந்தது. வெந்நீர்ப் பஞ்சில் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தேன். சத்தம் நின்றது, அப்பாடா.