அடுத்த சிரிப்புக் கதையைத் தேர்ந்தெடுக்க

ஒரு நகைச்சுவைத் தொடரை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும் குழந்தைக்கு வயதை மட்டும் பார்த்துப் புத்தகம் தேடாமல், எந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தது என்று முதலில் கேட்டறியுங்கள். அசட்டுத்தனத்துக்குச் சிரித்திருந்தால் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையும், சாமர்த்தியத்தை ரசித்திருந்தால் தெனாலிராமன், முல்லா கதைகளும் பொருந்தும். பாகங்கள் வரிசையாகக் கிடைக்காத சிறு நூலகங்களில், தனித்தனியாகப் படிக்கத்தக்க இத்தகைய கதைகளே பெரிதும் கைகொடுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன், மண்டபம், தொண்டி பகுதிகளில் விசைப்படகுத் தொழிலுக்குச் செல்லும் அப்பாக்களும் வீட்டில் இருப்பார்கள் என்பதால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகளைப் பதிவிறக்கி, குழந்தையோடு சேர்ந்து அவர்களும் உரக்கப் படிக்கலாம். சில பக்கங்கள் கடந்தும் சிரிப்பு வராத புத்தகத்தை வற்புறுத்தாமல் மாற்றிவிடுங்கள்.