வயிற்றுக்கும் பிள்ளைக்கும் ஒரே சுடிதார்

கர்ப்பமாகி ஐந்தாம் மாதம் பழைய சுடிதார் இறுக்கத் தொடங்கியதும் கடைக்கு ஓடுகிறோம். அப்போதே பால் கொடுக்கும் காலத்தையும் சேர்த்து யோசித்து வாங்கினால் இரட்டைச் செலவு மிச்சம்.

மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்து விரியும் டாப் பாருங்கள். வயிறு வளர இடம் கொடுக்கும். பிரசவத்துக்குப் பிறகும் தொளதொளவென்று தெரியாது. பால் கொடுக்க, மார்பின் இரு பக்கமும் நெடுக்குத் தையலில் ஜிப் மறைந்திருப்பது நடு ஜிப்பைவிட நல்லது, அதிகம் திறக்க வேண்டியதில்லை. வாங்குமுன் ஒற்றைக் கையால் திறந்து மூடிப் பாருங்கள். மறு கையில் பிள்ளை இருக்குமே! ஜிப்பின் உள்பக்கம் துணிப்பட்டி அவசியம்; இல்லாவிட்டால் உங்களையும் உறுத்தும், குழந்தையின் கன்னத்தையும் கீறும். இருக்கிற டாப்பிலேயே தெருமுனைத் தையல்காரர் ஜிப் வைத்துத் தருவார்.

சேலம் வெயிலுக்குப் பருத்தியே சரி. அடர்நிறப் பூப்போட்டது என்றால் பால் கசிந்த ஈரம் சட்டென்று தெரியாது. ஜமிக்கி வேலைப்பாடு வேண்டவே வேண்டாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் தலைவழி மாட்டும் ஸ்வெட்டரைத் தவிர்த்து, முன்பக்கம் பொத்தான் வைத்ததை வாங்கலாம்.

புடவைக்காரர்களுக்குக் கவலையே இல்லை, முந்தானையே மறைப்பு. முன்கொக்கி ரவிக்கையின் பக்கத் தையலில் இரண்டு விரல் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். பால் சுரந்து மார்பு பெருக்கும்போது தையலைப் பிரித்துவிடலாம். உள்ளாடையை மட்டும் கடைசி மாதத்தில், கம்பி இல்லாததாக வாங்குங்கள். இறுக்கினால் பால் கட்டிக்கொள்ளும்.