ஜேமில் மட்டும் சூடேறும் பழைய கார்

புரோட்டோன் வீரா, பெரோடுவா கஞ்சில் மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு. ஃபெடரல் ஹைவே ஜேமில் (சாலை நெரிசலில்) ஊர்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறி, கொஞ்ச தூரம் வேகமாக ஓடியதும் தானாக இறங்கிவிடுகிறதா? அப்படியென்றால் ரேடியேட்டரை மாற்ற உடனே தலையாட்டாதீர்கள், பெரும்பாலும் கோளாறு ஃபேனில்தான். காரை நிறுத்தி, முள் பாதியைத் தாண்டும் வரை எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். (கையை விட்டுவிடாதீர்கள், திடீரென்று சுற்றும்.) ஏர்கோன் போட்டதும் சுற்றுவது சில வண்டிகளில் இன்னொரு ஃபேன், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுற்றவில்லையா, ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், கடைசியாக மோட்டார் என்று விலை குறைந்ததிலிருந்து பார்த்துக்கொண்டு வர ஃபோர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) சொல்லுங்கள்.

வேகமாகப் போகும்போதே சூடேறினால் அது வேறு கதை, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஃபோர்மேன்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த ரேடியேட்டர் மூடி, அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு திறந்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்தோ கல்லாகவோ இருந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) சீக்கிரமே கொதித்துவிடும். புது மூடி மலிவுதான், ஆனால் மேலே பொறித்திருக்கும் 0.9 அல்லது 1.1 என்ற அழுத்த எண் உங்கள் வண்டிக்கு உரியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒப்பேற்றினால் உள்ளே துருதான் சேரும்.